பட்டாசு ஊர்களில் புத்தாண்டு நன்றி

டிசம்பர் 31, இரவு 11 மணி. வருஷக் கடைசி ஆராதனை. குழந்தைகள் பாதித் தூக்கத்தில் அம்மா மடியில் சரிந்திருப்பார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, கடந்த வருஷம் கர்த்தர் தங்களை நடத்தி வந்ததைச் சாட்சியாகச் சொல்வார்கள். 12 மணிக்குச் சர்ச் மணி அடித்ததும் வெளியே பட்டாசு வெடிக்கும். தமிழ்நாடு முழுக்க நடப்பதுதான் இது. சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் மட்டும் ஒரு வித்தியாசம். அந்தப் பட்டாசைச் செய்த கைகளே உள்ளே ஜெபத்தில் கூப்பியிருக்கலாம்.

இங்கே பட்டாசுக்கும் முந்தையது கிறிஸ்தவம். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவர அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தாவுக்கு ரயிலேறியது 1920-களில். ஊர் ஊராகக் கூடாரம் போட்டு ஊழியம் செய்த ராக்லாந்து என்ற மிஷனரி, 1858-லேயே சிவகாசியில் இறந்துபோனார்.

ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டையை எடுப்பார்கள். வீட்டுச் சுவரில் புது வசனக் காலண்டர் ஏறும். காலண்டருக்கும் தலைநகரம் சிவகாசிதானே!

2021-ல் அந்தக் காலண்டரில் 43-வது தாள், பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்து, இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது.

அடுத்த புத்தாண்டு தினமே இன்னொரு வெடிவிபத்தோடு விடிந்தது. 2022 ஜனவரி 1. இதே மாவட்டத்தில் களத்தூர். குறைந்தது நான்கு தொழிலாளர்கள் பலி.

இப்படிப்பட்ட வட்டாரத்தில், 'இந்த வருஷமும் கர்த்தர் என்னைக் காப்பாற்றினார்' என்று ஒருவர் சாட்சி சொல்லும்போது, அது வெறும் சம்பிரதாய வார்த்தை இல்லை. காலையில் டிபன் பாக்ஸோடு வேலைக்குப் போனவர் சாயங்காலம் முழுசாக வீடு வந்து சேர்ந்ததற்கான நன்றி. ஆனால் பக்கத்து பெஞ்சில் வீட்டுக்காரரைப் பறிகொடுத்த அக்கா உட்கார்ந்திருந்தால்? அவர் காப்பாற்றப்படவில்லையா, அவர் ஜெபம் குறைந்துபோனதா என்ற கேள்வி அந்த அக்காவுக்கு எழாமல் இருக்குமா?

இதற்கு வேதாகமத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது. சங்கீதப் புத்தகத்தில் நன்றிப் பாடல்களைவிடப் புலம்பல்களே அதிகம். ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கடவுளிடம் கேட்பதும் அங்கே ஜெபம்தான். ஜான் வெஸ்லி 1755-ல் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனையையும் சபைகள் வருஷ ஆரம்பத்தில் நடத்துகின்றன. நல்லதை மட்டும் தாரும் என்று கேட்கிற ஆராதனை இல்லை அது. எது வந்தாலும் நாங்கள் உம்முடையவர்கள் என்று சபையே சேர்ந்து சொல்வது. கண்ணீரோடும் அதைச் சொல்லலாம். பாட்டுக் கச்சேரிபோல ஆகிவிட்ட சில புத்தாண்டுக் கூட்டங்களில் காணாமல் போனது இந்தப் பகுதிதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெடிவிபத்தை 'தேவ சித்தம்' என்று சொல்லி முடிப்பது யாருக்கு வசதி? அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஓர் அறையில் ஆள்களை உட்கார வைப்பது, உரிமம் ஒருவர் பெயரில் இருக்க ஆலையை உள்குத்தகைக்கு விடுவது, உராய்ந்தாலே பற்றிக்கொள்ளும் மருந்தை அவசர அவசரமாகக் கலக்க வைப்பது... இதெல்லாம் மனிதர்கள் எடுக்கிற முடிவுகள். பிழைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்கிறவர், 'என் அறையில் எத்தனை பேர்?' என்று ஃபோர்மேனிடம் கேட்பதால் விசுவாசத்தில் குறைந்துவிடப் போவதில்லை. அதைத் தனி ஆளாகக் கேட்டால் அடுத்த நாள் வேலை இருக்குமா என்பது வேறு விஷயம். அதனால்தான் சபையாகச் சேர்ந்து கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த வருஷ நன்றி ஜெபத்தில் அச்சங்குளத்துக்கும் களத்தூருக்கும் ஒரு வரி இருந்தால், பக்கத்து பெஞ்சில் இருக்கும் அக்காவாலும் ஆமென் சொல்ல முடியும்.