தேவராயனேரிக் குழந்தைகளின் தாய்பாஷை

துவாக்குடியை அடுத்த தேவராயனேரியில் நரிக்குறவ ஜனங்கள் குடியிருந்து வருகிறார்கள். ஊசி, பாசிமணி விற்பவர்களென்ற அளவிலேயே நம்மவரில் பெரும்பாலோர் அவர்களை அறிவர். அவர்கள் வீட்டில் வழங்கும் பாஷை வாக்ரிபோலி என்பதாகும். குஜராத்தி, ராஜஸ்தானி, பீலி முதலிய மேற்கத்திய பாஷைகளோடு உறவுடைய அது, தமிழ் நாட்டின் நடுவே தலைமுறை தலைமுறையாக வாய்வழியே உயிர் வாழ்ந்து வருகிறது.

2023ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இந்த ஜனங்கள் பழங்குடியினர் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டது நியாயமே. தோடர், கோத்தர், சோளகர், காணிக்காரர் ஆகியோரின் பாஷைகளுடன் இவர்களது பாஷையையும் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்கப்படுமென்று 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ராஜ்ய சர்க்கார் அறிவித்ததும் போற்றத்தக்கதே. ஆனால் பாஷையை ஒலிப்பதிவு செய்து பேழையில் வைப்பது வேறு. அதைப் பேசும் குழந்தை பள்ளியில் அச்சமின்றி வாய் திறக்கச் செய்வது வேறு.

இதற்காக டில்லியை எதிர்பார்த்திருப்பதில் பயனில்லை. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத், மகாராஷ்டிரம் ஆகிய ராஜ்யங்களில் பீல் மக்கள் பேசும் பீலி பாஷை, 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி 1 கோடியே 4 லட்சம் பேருக்குத் தாய்பாஷை. ஆயினும் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 பாஷைகளில் அதற்கு இடமில்லை. கோடி ஜனங்களின் பாஷையே வாயிலில் நிற்கும்போது, சில ஆயிரவரின் பாஷைக்கு முறை என்று வரும்?

நல்ல வேளையாக, 1956இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350ஏ விதிக்கு அந்த அட்டவணை தேவையில்லை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்ப வகுப்புகளில் தாய்பாஷையில் போதிக்க வசதி செய்ய முயலுமாறு ராஜ்யங்களையும் ஸ்தல ஸ்தாபனங்களையும் அது பணிக்கிறது.

பிழைப்புக்குத் தமிழ் வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். அவசியம் வேண்டும். தெரிந்ததைக் கொண்டு தெரியாததைக் கற்பிப்பதே போதனா முறையாதலால், தாய்பாஷை வழியே தொடங்கும் குழந்தை தமிழையும் செவ்வையாகக் கற்கும். முதலிரண்டு வகுப்புகளுக்கு அச்சமூகத்தில் படித்த ஒருவரைத் துணை உபாத்தியாயராக நியமித்து, தமிழ் எழுத்திலேயே ஒரு சிறு வாசக புஸ்தகம் அச்சிட்டால் போதும். இதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை.

1938இல் பள்ளிகளில் ஹிந்தி கட்டாயமாக்கப்பட்டபோது தமிழர் கிளர்ந்தெழுந்தனர். 1940இல் அவ்வுத்தரவு நீக்கப்பட்டது. தாய்பாஷையின் உரிமையை அவ்வளவு ஆணித்தரமாக வாதாடிய நாடு, தன் எல்லைக்குள் வாழும் சிறு பாஷைக்கு அவ்வுரிமையை மறுக்கலாகாது. கல்வி இலாகாவினர் இக்காரியத்தைத் தேவராயனேரியிலிருந்தே தொடங்குவார்களாக!