பிட் லைன் வேணும்... ராத்திரி தூக்கமும் வேணும்!

"ரயில் வேணும்னு போராடுனவங்களே இப்ப சத்தம் பத்திப் பேசலாமா?"

இந்தக் கேள்வி எதிர்த்தரப்புல இருந்து வந்தா பரவாயில்ல. நம்ம ஆளுங்களே கேக்குறாங்க. பேசலாம் மக்களே. போராடி வாங்குனவனுக்குத்தான் பேசுற உரிமை அதிகம்.

1928-ல வந்த மதுரை - போடி ரயில், அகலப்பாதை ஆக்குறோம்னு சொல்லி 2010 டிசம்பரோட நின்னுச்சு. தேனிக்குத் திரும்ப ரயில் வந்தது 2022 மே 26. போடிக்கு 2023 ஜூன் 15. ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடிச்சிட்டு வர்ற காலம்! அவ்வளவு காத்திருந்து கெடச்ச சென்னை ரயிலும் தொடங்கும்போது வாரத்துக்கு மூணே நாள்.

ஒரு ஊர்ல இருந்து புது ரயில் கெளம்பணும்னா பெட்டிகளைக் கழுவ, அடியில இறங்கி பிரேக், சக்கரம் பார்க்க இடம் வேணும். அதுதான் பிட் லைன். அது இல்லாத ஊர் புது ரயில் கேட்டா "பராமரிப்பு வசதி இல்ல"ங்கிறது ரயில்வேயோட பழைய பல்லவி. அதனால நம்ம மாவட்டத்துக்கு பிட் லைன் கட்டாயம் வேணும். நாளைக்கு திண்டுக்கல் - லோயர் கேம்ப் பாதை வந்தா, கம்பம் பள்ளத்தாக்குக்குள்ளயும் இதே பேச்சு வரும். எங்க பி.சி.பட்டி மாதிரி தேனியை ஒட்டி வீடுகளா பெருகிக்கிட்டு இருக்குற ஊருக்கு இது ரொம்பவே முக்கியம்.

"ரயில் சத்தம் பழகிடும் தம்பி"ன்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஓடுற ரயில் பழகும்தான். ஒரு நிமிஷத்துல கடந்து போயிடும். யார்டுல நிக்கிற ரயில் அப்படி இல்ல. வேலை தேடி அலைஞ்ச காலத்துல நான் தங்கியிருந்த ரூம் ஒரு யார்டுக்குப் பின்னாடிதான். ராத்திரி ரெண்டு மணிக்கு பெட்டி கோர்க்கிற 'டணார்', பிரேக் டெஸ்ட்டுல காத்து விடுற 'புஸ்ஸ்', ஹாரன் வேலை செய்யுதான்னு ஒரு தடவை, சந்தேகத்துக்கு இன்னொரு தடவை. இது எல்லாத்தையும் விட மோசம், விடிய விடிய நிக்காம உறுமுற ஜெனரேட்டர் பெட்டி. ஆறு மாசத்துல ரூமைக் காலி பண்ணிட்டேன். வாடகைக்கு இருந்ததால முடிஞ்சது. லோன் போட்டு வீடு கட்டுனவர் எங்க போவாரு?

இப்ப கொஞ்சம் கணக்கு. படிச்ச இன்ஜினியரிங் இதுக்காவது உதவட்டும். நம்ம நாட்டு ஒலி மாசு விதிகள், 2000-படி, குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10 மணியில இருந்து காலைல 6 மணி வரைக்கும் 45 டெசிபல்தான் அனுமதி. திறந்தவெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு இன்ஜின் 10 மீட்டர்ல 85 டெசிபல் போடுதுன்னு வெச்சுக்குங்க. நடுவுல தடுப்பு எதுவும் இல்லேன்னா அது 45-க்கு இறங்க 1 கிலோமீட்டர் ஆகும்! காம்பவுண்டுக்கு வெளியே பத்தடி விட்டு வேப்பங்கன்னு நட்டுட்டு "பசுமை அரண்"னு போட்டோ போடுறது இங்க எடுபடாது. ரெண்டு வரிசை மரம் கண்ணுக்கு மறைக்கும், காதுக்கு மறைக்காது.

சரி, யார்டு எங்க வரணும்னு யார் முடிவு பண்றது? ரயில்வே சட்டம் 1989, பிரிவு 11. வேற எந்தச் சட்டத்துல என்ன சொல்லியிருந்தாலும், ரயில்வே தனக்குச் சரின்னு படுற யார்டு, கட்டடம், இயந்திரம் எல்லாம் கட்டலாம்னு அதிகாரம் குடுக்குது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2006 வந்தப்போ விமான நிலையம், துறைமுகம், நெடுஞ்சாலை, ஏன் ரோப் கார் கூட அட்டவணையில இருந்துச்சு. ரயில் பாதைங்கிற தலைப்பே இல்ல! மலைக்கு ஏறுற ரோப் காருக்கு ஆய்வு பண்ணுன்னாங்க, ஊருக்கு நடுவுல வர்ற ரயில் பாதைக்கு வேண்டாம்னாங்க. இது என்ன நியாயம்? சத்தமில்லாம வாழுற உரிமை அரசியல் சட்டப் பிரிவு 21-க்குள்ள வரும்னு உச்ச நீதிமன்றம் 2005-லயே சொல்லிடுச்சு. அந்தத் தீர்ப்பு ரயில்வே காம்பவுண்டுக்கு உள்ளயும் செல்லும்தானே?

இதுல யாரோட தூக்கம் போகும்னு யோசிங்க. போடி, தேவாரம், கம்பம் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்க விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஜீப் ஏறி இடுக்கி மலைக்குப் போறாங்க. அவங்க தூங்குறதே ராத்திரி ஒன்பதுல இருந்து நாலு வரைக்கும்தான். யார்டுல வேலை மும்முரமா நடக்குறதும் அதே நேரம்தான். ஏசி ரூம்ல ஜன்னலைச் சாத்திட்டு படுக்குறவருக்கு இது புரியாது. ஓட்டு வீட்டுல படுக்குறவருக்குப் புரியும்.

வழி இல்லாமலா இருக்கு? ஹாங்காங்ல கவுலூன் பே பணிமனை மேல கான்கிரீட் தளம் போட்டு, அதுக்கு மேல குடியிருப்பே கட்டியிருக்காங்க. சிங்கப்பூர் கிம் சுவான் பணிமனை தரைக்கு அடியில இருக்கு. அந்த அளவுக்குச் செலவு பண்ணச் சொல்லி நாம கேக்கல. பிட் லைன்ல 750 வோல்ட் கரண்ட் கனெக்‌ஷன் குடுத்தா ஜெனரேட்டர் பெட்டியை ஓட்டாமலே பெட்டிகளை டெஸ்ட் பண்ணலாம். நம்ம ரயில்வேயே பல ஊர்ல இதைச் செஞ்சிருக்கு. இன்ஜின் நிக்கிற இடம் வீடுகளுக்கு எதிர்க்கோடியில இருக்கணும், இன்ஜின் பார்வைக்கே தெரியாத உயரத்துல தடுப்புச்சுவர் வேணும். இதெல்லாம் டெண்டர்லயே எழுதிட்டா சின்ன செலவு. கட்டி முடிச்ச பிறகு கேட்டா "நிதி இல்ல".

ரயில்வே மேல மட்டும் பழி போட்டுட்டு நாம தப்பிக்கவும் கூடாது. தண்டவாளத்தை ஒட்டி மனை பிரிச்சு, "ரயில் நிலையம் மிக அருகில்"னு போர்டு வெச்சு விக்கிறாங்களே, அந்த லேஅவுட்டுக்கு அனுமதி குடுக்குறது ரயில்வே இல்ல. இங்க இருக்குற நகர் ஊரமைப்புத் துறையும் உள்ளாட்சியும்தான். யாரு ஆட்சியில இருந்தாலும் இதைக் கேக்கணும், நம்ம ஆட்சியா இருந்தாலும் சேர்த்துத்தான். காலி இடம் இருக்கும்போதே யார்டுக்கு இடம் குறிச்சு, சுத்தி வீடு வராம கிட்டங்கி, மார்க்கெட்னு ஒதுக்கி வெச்சா பாதிப் பிரச்சனை முடிஞ்சது.

அறிவிப்பு வந்து, நிலம் அளந்து, கல்லு நட்ட பிறகு கத்துறது வேஸ்ட். அதனால இப்பவே மதுரை கோட்ட ரயில்வே மேலாளருக்கும் தேனி கலெக்டருக்கும் மனு போடுறோம். கேக்குறது ரெண்டே விஷயம். தேனி - போடி பாதையில பிட் லைன் வேணும். இடத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடி, பக்கத்துக் குடியிருப்புல ராத்திரி சத்தத்தை அளந்து அந்த அறிக்கையைத் தமிழ்ல வெளியிடணும். வர்ற திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வர முடிஞ்சவங்க உங்க வார்டு நிர்வாகிகிட்ட பேர் குடுங்க. தண்டவாளத்துக்குப் பக்கத்துல வீடு இருக்குறவங்க முன்னாடி நில்லுங்க, நாங்க பின்னாடி நிக்கிறோம்.

#பிட்லைன்_வேணும் #தேனி #போடி_ரயில்