கவலை கற்றுத் தரும் கணக்கு

கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனம் என்றால் ஒரு காலத்தில் கவலை இறைப்புதான். அதைப் பழம்பொருள் என்று ஒதுக்குவது சரியன்று. அதில் நல்ல பொறியியல் அடங்கியிருந்தது.

எருதுகள் சரிவில் இறங்கும்போது அவற்றின் உடல் எடையே இழுப்புக்குத் துணை நின்றது. மேல் உருளையில் ஓடும் வடத்தால் சால் மேலே வரும். கீழ் உருளையில் ஓடும் வால்கயிறு, சாலின் அடியில் கட்டிய தோல் தும்பியை மடக்கிப் பிடித்திருக்கும். சால் மேலே வந்ததும் தும்பி தொட்டிப் பக்கம் நீண்டு, நீர் தானே கொட்டும். கவிழ்க்கத் தனி ஆள் வேண்டாம். இரு கயிறுகளின் நீளத்தைச் சரியாக அமைத்ததே இதன் சூட்சுமம்.

1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், மோட்டார்கள் பெருகிக் கவலை மறைந்தது. ஆளும் மாடும் பட்ட பாட்டை நினைத்தால் அது நல்லதே. ஆனால் ஒரு கட்டுப்பாடும் கூடவே போயிற்று. மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். அதற்குள் ஊற்று சுரக்கும். மோட்டாருக்குக் களைப்பில்லை. இப்பகுதியின் அடியில் இருப்பதோ கடும்பாறை. அதன் வெடிப்புகளில் உள்ள நீருக்கு அளவுண்டு. மேலும் மேலும் ஆழ்குழாய் இறக்கினால் கடன்தான் மிஞ்சும்.

ஆகவே, பெரிய மோட்டார் வாங்குமுன் சிறு விவசாயிகள் கிணற்றை அளந்து பார்ப்பது நலம். இறைப்பை நிறுத்தியபின் மணிக்கு எத்தனை அடி நீர் ஊறுகிறது என்று கல் கட்டிய கயிற்றை விட்டுப் பார்த்தால் போதும். கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் அளக்க வேண்டும். ஊறும் அளவுக்கேற்பவே மோட்டாரும், சொட்டுநீர்க் குழாயும், பயிரும் அமையட்டும்.