தேன்மெழுகைத் தலைக்கும் தாருங்கள்

மார்த்தாண்டத்தில் முடிதிருத்தகம் நடத்துகிறேன். சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள், அவற்றின் நிழலில் தேன்பெட்டிகள். தேன் எடுத்தபின் மிஞ்சும் அடையை உருக்கினால் மெழுகு. அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, எங்கள் பையன்கள் முடியைத் தூக்கி நிறுத்த எங்கிருந்தோ வரும் டப்பாவை வாங்குகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

தலைக்குத் தேன்மெழுகு புதிதல்ல. 1928இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய பிரில்கிரீமில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்க உதவியது தேன்மெழுகுதான். அப்பா காலத்தில் அந்தப் புட்டி இல்லாத சலூன் ஏது?

வீட்டிலேயே செய்யலாம். தேன்மெழுகு 30 கிராம், தேங்காயெண்ணெய் 60 கிராம், விளக்கெண்ணெய் இரண்டு தேக்கரண்டி. மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். கொதிக்கும் தண்ணீருக்குள் சிறு கிண்ணத்தை இறக்கி வையுங்கள். 62 டிகிரியைத் தாண்டியதும் மெழுகு இளகும். அப்போது எண்ணெயை ஊற்றிக் கலக்குங்கள். எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டு, உறைந்ததும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நகத்தில் வெண்ணெய்போல் வழிந்தால் மெழுகு போதாது. பொடியாக உதிர்ந்தால் எண்ணெய் போதாது. தேங்காயெண்ணெய் 25 டிகிரியிலேயே உருகிவிடும், ஆகவே சித்திரை வெயிலுக்குக் கூடுதலாக 5 கிராம் மெழுகு வேண்டும். ஊட்டிக்காரர்கள் அதே அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

'நல்லதுதானே' என்று கற்றாழைச் சாறு சேர்க்காதீர்கள். தண்ணீர் பட்ட கலவையில் பூஞ்சை பிடிக்கும். இதைத் தேய்த்தால் முடி வளரும் என்று சொல்லி விற்பவர்களையும் நம்பாதீர்கள். இது முடியை நிறுத்தும், அவ்வளவுதான். நெற்றியில் பரு வருகிறவர்களுக்கு நான் பூசுவதில்லை. கழுவும்போது முதலில் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, பிறகு சீயக்காயோ ஷாம்புவோ போட வேண்டும். வெறும் தண்ணீருக்கு மெழுகு அசையாது.

சிக்கல் மெழுகு கிடைப்பதில்தான். தேன்மெழுகு என்ற பெயரில் பாரஃபின் கலந்த கட்டியையும் தள்ளிவிடுகிறார்கள். நல்ல மெழுகில் தேன்வாசனை லேசாக இருக்கும், உள்ளங்கைச் சூட்டில் பிசையப் பிசைய வளைந்து கொடுக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் பிடிபடாது. தேன் விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கலப்படமில்லாத மெழுகை வடிகட்டி, 50 கிராம் கட்டிகளாக, தேன்புட்டிக்குப் பக்கத்திலேயே விற்பனைக்கு வையுங்கள். முதல் ஆளாக வாங்க நான் வருகிறேன்.