பாறை என்று பெயர் கொண்ட ஊர்: வடாஸில் ‘பொது நன்மை’ வென்ற விதம்

2022 பெப்ரவரி 8ஆம் திகதி, இந்தோனேசியாவின் மத்திய ஜாவா மாகாணத்தில் உள்ள வடாஸ் என்ற சிறு விவசாயக் கிராமத்துக்குள் நூற்றுக்கணக்கான பொலிஸார் நுழைந்தனர். எந்தக் குற்றவாளியையும் தேடி அவர்கள் வரவில்லை. நில அளவையாளர்களுக்குப் பாதுகாப்பு வழங்கவே வந்திருந்தனர். பள்ளிவாசலில் கூடிப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்த மக்கள் சுற்றிவளைக்கப்பட்டனர். அன்றைய தினம் 60க்கும் மேற்பட்டவர்கள் பிடித்துச் செல்லப்பட்டு, மறுநாள் விடுவிக்கப்பட்டனர். அதற்குள் மலையில் அளவை வேலை நடந்துகொண்டிருந்தது.

காணி அளக்க வருபவர்களோடு ஏன் பொலிஸார் வருகிறார்கள் என்பதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வடாஸில் அளவைக்கு முன்பும் பின்பும் நடந்தவற்றைக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு கிராமத்தின் மறுப்பை ஓர் அரசு எப்படிப் படிப்படியாகச் செல்லாக்காசாக்குகிறது என்பதற்கு அது தெளிவான உதாரணம்.

அணை ஓரிடம், மலை வேறிடம்

பூர்வொரெஜோ மாவட்டத்தில் மெனோரே மலைத்தொடரின் மடியில் இருக்கிறது வடாஸ். ஜாவா மொழியில் அந்தச் சொல்லுக்குப் பாறை என்று பொருள். பாறைக்கு மேலே இருக்கும் மண்ணில் டுரியான், கோப்பி, கராம்பு, வனிலா, தென்னை, வாழை என்று பலவும் விளைகின்றன. வயல் விதைப்பும் அறுவடையும் போல ஒரே பருவத்தில் வந்துபோகும் வருமானம் அல்ல இது. ஒரு மரம் ஓய்ந்தால் இன்னொன்று காய்க்கும். பெண்கள் மூங்கில் பிளந்து, விருந்துச் சோறு கட்டிக் கொடுக்கும் பெட்டிகளை முடைகிறார்கள். மலையின் ஊற்றுக்களே வீட்டுக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் தருகின்றன.

அண்மையில் பொகொவொந்தோ ஆற்றை மறித்துக் கட்டப்படும் பெனெர் அணை, தேசிய மூலோபாயத் திட்டங்களில் ஒன்று. சுமார் 15,000 ஹெக்டேயர் வயலுக்கு நீர்ப்பாசனம், குடிநீர், 6 மெகாவாட் மின்சாரம் என்பன அதன் அறிவிக்கப்பட்ட பயன்கள். வடாஸ் மக்கள் அணையை எதிர்த்துப் போராட்டம் தொடங்கவில்லை. அணையின் நீர் வடாஸை மூழ்கடிக்கப் போவதும் இல்லை. அணைக்குத் தேவையான அண்டெசைட் என்ற கருங்கல் வடாஸ் மலைக்குள் இருந்ததுதான் பிரச்சினை. நூறு ஹெக்டேயருக்கும் அதிகமான காணியை எடுத்து, மலையை வெடிவைத்து உடைத்துக் கல் எடுக்கத் திட்டமிடப்பட்டது. மழைக்காலத்தில் மண்சரிவு அபாயம் உள்ள பிரதேசத்தில் மலையை உடைத்தால் ஊற்றுக்களும் கீழே உள்ள வீடுகளும் என்னவாகும் என்று மக்கள் கேட்டார்கள்.

பெயர் மாறினால் சட்டம் மாறும்

இந்தோனேசியாவின் 2012ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம், பொது நன்மைக்காகக் காணி எடுப்பதை ஒழுங்குபடுத்துகிறது. வீதி, துறைமுகம், விமான நிலையம், அணை என்பன அதன் பட்டியலில் உள்ளன. கல் அகழ்வு அந்தப் பட்டியலில் இல்லை. அகழ்வுக்கென்று தனிச் சட்டமும் தனி அனுமதிப்பத்திரமும் உண்டு. வடாஸில் அகழ்வு, அணையின் ஒரு பகுதியாகவே கணக்கிடப்பட்டது. 2018இல் மத்திய ஜாவா ஆளுநர் வெளியிட்ட காணி நிர்ணய ஆணைக்குள் அணையோடு மலையும் சேர்க்கப்பட்டது. வணிக நோக்கம் இல்லாததால் இதற்கு அகழ்வு அனுமதி தேவையில்லை என்று எரிசக்தி அமைச்சின் தரப்பு பின்னர் கூறியது.

இந்த ஒரு பெயர் மாற்றத்தின் விளைவு பெரியது. அகழ்வு என்று ஒத்துக்கொண்டிருந்தால் காணிச் சொந்தக்காரரோடு உடன்பாடு காண வேண்டும். அணை என்று சொன்னால் காணியைக் கட்டாயமாகவே எடுக்கலாம்.

ஆணை 2021இல் புதுப்பிக்கப்பட்டபோது மக்கள் செமராங் நிர்வாக நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். அங்கே தோற்று, அதே ஆண்டில் உயர் நீதிமன்றத்திலும் தோற்றார்கள். அதற்கு முன்பே, 2021 ஏப்ரலில் வீதியில் அமர்ந்து பிரார்த்தித்த பெண்களைக் கலைக்கக் கண்ணீர்ப்புகை வீசப்பட்டிருந்தது. 2022 பெப்ரவரியில் நடந்தது திடீர் அத்துமீறல் அல்ல, ஒரு தொடரின் உச்சம்.

கைதுகளின் காணொளிகள் நாடு முழுவதும் பரவின. ஆளுநர் கஞ்சர் பிரனோவோ மறுநாளே மன்னிப்புக் கேட்டார். அப்போது மத்திய அரசின் அரசியல், சட்ட, பாதுகாப்பு விவகார ஒருங்கிணைப்பு அமைச்சராக இருந்த மஹ்பூத் எம்டி, வடாஸ் அமைதியாக இருப்பதாக அறிவித்தார். தேசிய மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரித்து, பொலிஸார் அளவுக்கு மீறிய பலத்தைப் பயன்படுத்தியதாகக் கூறியது. மன்னிப்பும் வந்தது, விசாரணையும் நடந்தது. அளவை மட்டும் நிற்கவில்லை.

பணம் செய்த வேலை

பொலிஸாரால் முடியாததைப் பணம் முடித்தது. நஷ்டஈட்டுத் தொகைகள் உயர்ந்தன. அந்நாட்டு ஊடகங்கள் வடாஸை ‘கோடீஸ்வரர்களின் கிராமம்’ என்ற பாணியில் எழுதின. சம்மதித்தவர், மறுத்தவர் என்று ஊர் இரண்டானது. சம்மதித்தவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் வழக்குத் தோற்று, பொலிஸ் வந்து, பக்கத்துத் தோட்டம் விலைப்பட்ட பிறகு ஒரு குடும்பம் எடுக்கும் முடிவைச் சுதந்திரமான சம்மதம் என்று யார் சொல்வது?

மறுத்தவர்களுக்கென்று சட்டத்தில் இன்னொரு கதவு இருந்தது. நஷ்டஈட்டை ஏற்காதவரின் பணத்தை மாவட்ட நீதிமன்றத்தில் வைப்பிட்டுவிட்டால், அவருடைய உரித்து அற்றுப்போய் காணி அரசுடையதாகிவிடும். பேச்சுவார்த்தை என்பது விலையைப் பற்றியது மட்டுமே. ‘விற்கமாட்டேன்’ என்ற பதிலுக்கு அங்கே இடமில்லை. கடைசிவரை மறுத்து நின்ற குடும்பங்கள் பலவும் 2023இல் இந்த நிலையில்தான் கையெழுத்திட்டன.

வடாஸ் தனிக்கதை அல்ல

பூர்வொரெஜோவின் அயல் மாவட்டமான கூலோன் ப்ரோகோவில், யோக்யகார்த்தாவின் புதிய சர்வதேச விமான நிலையத்துக்காக விவசாயிகள் வெளியேற்றப்பட்டபோதும் இதே நீதிமன்ற வைப்பு முறை பயன்பட்டது. வடக்கே கெண்டெங் மலைப் பகுதியில் சீமெந்துத் தொழிற்சாலையை எதிர்த்த ஒன்பது பெண்கள், 2016 ஏப்ரலில் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் தமது கால்களைச் சீமெந்தில் புதைத்து அமர்ந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்த மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, சுற்றுச்சூழல் அனுமதியை இரத்துச் செய்தது. 2017 பெப்ரவரியில் ஆளுநர் புதிய அனுமதி வழங்கினார். வடாஸ் மக்கள் நீதிமன்றத்தில் தோற்றார்கள். கெண்டெங் மக்கள் வென்றார்கள். இரண்டு இடத்திலும் திட்டம் தொடர்ந்தது. இரண்டு இடத்திலும் ஆளுநர் ஒருவரே.

இன்னும் பின்னே போனால் கெடுங் ஓம்போ. சுஹார்ட்டோ ஆட்சியில் உலக வங்கிக் கடனில் மத்திய ஜாவாவில் கட்டப்பட்ட அந்த அணைக்காக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. மறுத்தவர்கள் மீது கம்யூனிஸ்ட் முத்திரை குத்தப்பட்டது. 1965-66 படுகொலைகளின் நினைவு காயாத மண்ணில் அந்த முத்திரையின் பொருள் எல்லோருக்கும் தெரியும். சுஹார்ட்டோ 1998இல் வீழ்ந்தார். தேர்தல்கள் வந்தன, ஊடகங்கள் திறந்தன, மனித உரிமைகள் ஆணைக்குழு சுயமாகப் பேசுகிறது. இந்த மாற்றங்கள் சிறியவை அல்ல. பிடிக்கப்பட்டவர்கள் மறுநாள் உயிரோடு வீடு திரும்பியதற்கும் இவை காரணம். ஆனால் திட்டம் ஒன்று மேலிருந்து தீர்மானிக்கப்பட்ட பிறகு, கீழே உள்ளவரின் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு மதிப்பில்லை என்ற நிலை சர்வாதிகாரத்திலிருந்து ஜனநாயகத்துக்குள் அப்படியே கைமாறியிருக்கிறது.

2024 பெப்ரவரி ஜனாதிபதித் தேர்தலில் கஞ்சரும் மஹ்பூதும் ஓரணியாகப் போட்டியிட்டு, 16 வீதம் வாக்குப் பெற்று மூன்றாம் இடத்துக்கு வந்தனர். அந்தத் தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. அதை வடாஸின் தீர்ப்பு என்று சொல்ல முடியாது. வென்ற பிரபோவோ, சுஹார்ட்டோவின் முன்னாள் மருமகன், முன்னாள் இராணுவ ஜெனரல். ஆட்கள் மாறுவதால் மட்டும் காணி பாதுகாக்கப்படாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

வடாஸின் பெண்கள் அமைப்பு, காவல் கொட்டில்களில் மூங்கில் பெட்டி முடைந்தபடியே ஆண்டுக்கணக்கில் மலையைக் காத்தது. மலையை அவர்களால் தக்கவைக்க முடியவில்லை. ஆனால் எந்தச் சொல்லால், எந்த ஆணையால், யாருடைய கையெழுத்தால் அது எடுக்கப்பட்டது என்பது முழுவதும் பதிவாகியிருக்கிறது. அடுத்த கிராமத்துக்கு அளவையாளர்கள் வரும்போது, அந்த ஊர் நஷ்டஈடு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், ‘மறுக்கும் உரிமை எமக்கு உண்டா?’ என்று கேட்கும். பொது நன்மை என்று சொல்லி வருகிற எந்த அரசும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான்.