நேத்து ஓடுச்சு... இன்னைக்கு ஓடலை!

தரங்கம்பாடி பக்கம் கடைமடையில் வயல் வைத்திருக்கும் ஒரு விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். போன முறை வந்த தண்ணீர் இந்த முறை வாய்க்காலில் வரவில்லை. கல்லணையோ நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு மதகாகப் பார்த்துக்கொண்டே போவாரா? மாட்டார். நேராகப் பாதி வழியில் இருக்கும் மதகுக்கு வண்டியை விடுவார். அங்கே தண்ணி ஓடுதா? அப்போ அடைப்பு அதுக்குக் கீழே. ஓடலையா? மேலே. அப்புறம் மிச்ச தூரத்தில் பாதி. நாலைந்து இடம் பார்த்தால் போதும், ஆகாயத்தாமரை அடைத்த ஷட்டர் சிக்கிவிடும்.

கம்ப்யூட்டர் பக்கத்தில் எதற்கு வயக்காட்டுக் கதை என்கிறீர்களா? மேட்டர் இருக்கு பாஸ்.

"நேத்து ஓடின ப்ரோக்ராம் சார்... இன்னைக்கு ஓடலை!" லேபில் இந்த வசனம் கேட்காத நாள் உண்டா? விசாரித்தால், நடுவில் யாரோ புது கம்பைலர் போட்டிருப்பார்கள். உடனே நாம் செய்வது ரெண்டே வேலை. ஒண்ணு, கம்பைலரைத் திட்டுவது. இன்னொண்ணு, பழைய வெர்ஷனைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொள்வது. வைவாவில் "ஏன் ஓடலை?" என்று எக்ஸ்டர்னல் கேட்டால் மட்டும் பேந்தப் பேந்த முழிப்போம்.

முன்பு சரியாக இருந்தது புது வெர்ஷனில் கெட்டுப்போவதற்கு 'ரெக்ரஷன்' என்று பெயர். ஜிசிசி மாதிரி கம்பைலரை உருவாக்குகிறவர்களுக்கு இது தினசரிப் பிரச்னை. அவர்களிடம் பல்லாயிரக்கணக்கான குட்டிக் குட்டி ப்ரோக்ராம்கள் கொண்ட டெஸ்ட் தொகுப்பு இருக்கிறது. கம்பைலரில் கை வைத்தால் அத்தனையையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, 50 டெஸ்ட் ஃபெயில் என்று வருகிறது. பதறுவார்களா? மாட்டார்கள். அதே மெஷினில், மாற்றத்துக்கு முந்தைய கம்பைலரிலும் அதே டெஸ்ட்களை ஓட்டுவார்கள். அங்கேயே 48 ஃபெயில் என்றால் அதெல்லாம் பழைய அரியர். மிச்சம் இருக்கும் ரெண்டுதான் இந்த செமஸ்டர் கணக்கு. அந்த ரெண்டை மட்டும் துரத்தினால் போதும்.

துரத்துவது எப்படி? நம்ம விவசாயி வழிதான். நல்ல வெர்ஷனுக்கும் கெட்ட வெர்ஷனுக்கும் நடுவில் 1,000 மாற்றங்கள் என்று வையுங்கள். சரியாக நடுவில் உள்ளதை எடுத்து ஓட்டு. பாஸானால் தப்பு அதற்குப் பின்னால், ஃபெயிலானால் அதற்கு முன்னால். பத்தே சோதனையில் ஆள் மாட்டிக்கொள்ளும். 'கிட்' மென்பொருளில் 'பைசெக்ட்' என்ற கட்டளை செய்வது இதைத்தான். ஒரே ஒரு கண்டிஷன்: ஒவ்வொரு முறையும் அதே டெஸ்ட், அதே இன்புட். நடுவில் வேறு எதையும் மாற்றக்கூடாது.

1999-ல் ஆண்ட்ரியாஸ் ஸெல்லர் என்ற ஜெர்மனிக்காரர் இதே மாதிரி ஒரு கேஸை எழுதினார். ஜிடிபி டீபக்கர் 4.16-லிருந்து 4.17 ஆனதும், அதோடு சேர்ந்து ஓடும் இன்னொரு மென்பொருள் மக்கர் செய்தது. மாறியிருந்ததோ 1,78,000 வரிகள்! சலித்து சலித்துப் பார்த்தால், குற்றவாளி ஒரு மெசேஜில் 'ஆர்க்யுமென்ட்ஸ்' என்று இருந்தது 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட்' ஆனதுதான். இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் 'டெல்டா டீபக்கிங்'. நம்ம காவிரி டெல்டாவுக்கும் இதற்கும் பேர் கொடுத்தது ஒரே கிரேக்க எழுத்துதான்!

சரி, இடம் தெரிந்தாச்சு. தப்பு யார் மேல்? இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறோம்.

கம்பைலர் மேலும் இருக்கலாம். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தினர் 'சிஸ்மித்' என்ற கருவியால் ப்ரோக்ராம்களைத் தானாக எழுதவைத்து, சி கம்பைலர்களில் 325-க்கும் மேல் பிழைகளைப் பிடித்ததாக 2011-ல் அறிவித்தார்கள். ஆனால் பெரும்பாலும் தப்பு நம்ம பக்கம்தான். ஹெடர் ஃபைல் சேர்க்காமல் ஃபங்ஷனை அழைப்பது சி மொழியின் விதியிலிருந்து 1999-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. அப்புறமும் ஜிசிசி பல வருஷம் வெறும் வார்னிங் கொடுத்து விட்டுவைத்தது. நாமும் அதைப் படிக்காமல் தள்ளிவிட்டோம். 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14-ல் அது எரர் ஆனது. இது கம்பைலர் கெட்டதல்ல. நம்ம அரியர் வெளியே வந்தது.

இன்னொரு சோதனை. நம்ம லேப்களில் ரொம்ப நாள் ராஜ்ஜியம் செய்த டர்போ சி-யில், 'இன்ட்' வைத்து ஃபாக்டோரியல் எழுதி 8 கொடுத்தால் -25216 வரும். அதில் இன்ட் 16 பிட்தான். 32767-க்கு மேல் தாங்காது. அதையே இன்றைய ஜிசிசியில் ஓட்டினால் 40320. "ஆஹா, சரியாயிடுச்சு" என்று கிளம்பிவிடாதீர்கள். 13 கொடுத்துப் பாருங்கள். பொதுவாக வருவது 1932053504. சரியான விடை 6227020800. பழசில் மைனஸ் வந்து "நான் தப்பு" என்று கத்தியது. புதுசில் அதே தப்பு நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. 'ஓடுது' என்பதும் 'சரி' என்பதும் ஒன்றல்ல.

அதனால்தான் கடைசி வேலை முக்கியம். தப்பைக் கண்டுபிடித்ததும் 500 வரி ப்ரோக்ராமைப் பத்து வரியாகச் சுருக்கி, அதை ஒரு டெஸ்டாகச் சேர்த்து வைத்துவிட வேண்டும். கம்பைலர்காரர்களின் தொகுப்பு இப்படித்தான் வளர்ந்தது. யாரோ ஒருவர் ராத்திரி முழித்துப் பிடித்த பிழை, இன்னொருவரை மறுபடி கடிக்காது.

உங்கள் ப்ராஜெக்டிலும் 'டெஸ்ட்' என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். அதில் 7 மட்டுமில்லை. 0, 8, 13 எல்லாம் இருக்கட்டும். அடுத்த வருஷம் அதே ப்ராஜெக்டை எடுக்கப்போகும் ஜூனியருக்கு அதுதான் நீங்கள் விட்டுப்போகும் நல்ல வாய்க்கால். எக்ஸ்டர்னல் கேட்கும்போது "கம்பைலர் சரியில்லை சார்" என்பதற்குப் பதிலாக, "இதோ இந்த வரி சார்" என்று விரல் வைத்துக் காட்டிப் பாருங்கள்.

அவர் அடுத்த கேள்வி கேட்கும் தொனியே மாறிவிடும்!