மூன்று விளக்குகளும் ஒரு முகமும்

என் பாட்டி காலமானபோது, மாலை போட்டு வைக்க வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. வாழ்நாளெல்லாம் கொழுந்து எடுத்தவர். குடும்பத்தில் எத்தனையோ கல்யாணம் காட்சிகளைப் பார்த்தவர். ஆனால் எல்லாப் படத்திலும் கடைசி வரிசையில், யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி முகமாக நின்றிருந்தார். கடைசியில் அடையாளக் கார்டில் இருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கி வந்தோம். பெரிதாக்கியதில் கண் இருந்த இடம் புள்ளி புள்ளியாகப் போயிற்று. அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. என் பிள்ளைகளுக்குப் பாட்டி என்றால் அந்தப் புள்ளிகள்தான்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருக்கலாம். நம் தோட்டப்புறத்தில் இது புதிதல்லவே!

பள்ளி ஆண்டு மலருக்குப் படம் எடுக்கும் வேலை பல ஆண்டுகளாக என் தலையில்தான். ஆகவே நம் பக்கத்துப் பெரியவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து நல்ல படம் எடுத்துக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். நினைத்த மாதிரி அது எளிதாக இல்லை.

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் வழியில் இருக்கும் எங்கள் கோலா தெர்லாவின் வெளிச்சத்தை அறிந்தவர்களுக்கு இது புரியும். உச்சி வெயிலில் எடுத்தால் கண் குழிகள் கறுத்துப் போகும். பிற்பகலில் பனி இறங்கிவிடும். மண்டபத்துக்குள் போனால் இருட்டு. சரி, பிளாஷ் போட்டு எடுப்போம் என்று கேமராவின் தலையில் இருக்கும் பிளாஷைத் தட்டினேன். நெற்றி பளபளத்தது, கண் சிவந்தது, முகம் சப்பாத்தி மாவு போலத் தட்டையாயிற்று.

காரணம் சின்னதுதான். கண் பார்க்கும் திசையிலிருந்தே வெளிச்சமும் போனால் நிழலெல்லாம் முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிழல் இல்லாவிட்டால் கன்னம் எது, குழி எது, சுருக்கம் எது என்று தெரியாது. லென்சுக்குப் பக்கத்திலேயே விளக்கு இருப்பதால் ஒளி கண்ணுக்குள் போய் விழித்திரையில் பட்டு நேரே திரும்பி வருகிறது. கண் சிவப்பாகத் தெரிவது அதனால்தான். ஆக, விளக்கைக் கேமராவை விட்டு இறக்கித் தள்ளி வைக்க வேண்டும்.

ஒன்று போதாது என்று நினைத்தேன். இரண்டு பழைய பிளாஷ் வாங்கி, என்னிடம் இருந்ததோடு மூன்றாக்கினேன். மூன்றையும் முன்னால் நிறுத்தி, மூன்றையும் முழு வேகத்தில் வெடிக்க விட்டேன். என் வீட்டுக்காரி படத்தைப் பார்த்துவிட்டு, “என்னங்க, எனக்கு மூணு மூக்கு நிழல் விழுந்திருக்கு?” என்றாள். அன்றோடு மூட்டை கட்டியிருப்பேன். ஓ. வின்ஸ்டன் லிங்க் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்ததுதான் என்னைத் தடுத்தது.

லிங்க் நியூயார்க்கின் புரூக்ளினில் 1914இல் பிறந்தவர். தொழிற்சாலைகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது அவர் பிழைப்பு. 1955இல், வர்ஜீனியா பக்கம் ஓடிய நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்பாதையில் நீராவி எஞ்சின்கள் சீக்கிரம் நின்றுவிடும் என்று அறிந்து, தன் கைக்காசைப் போட்டு அவற்றைப் படமெடுக்கத் தொடங்கினார். அதுவும் இரவில்! சூரியனையும் தண்டவாளத்தையும் நம்மால் நகர்த்த முடியாது, விளக்கை நகர்த்தலாம் என்பது அவர் கணக்கு. 1956இல் மேற்கு வர்ஜீனியாவின் ஐகர் என்ற ஊரில், காரில் இருந்தபடியே சினிமா பார்க்கும் திறந்தவெளி அரங்கை ஒட்டி ரயில் பாயும் படத்துக்கு அவர் பயன்படுத்திய பிளாஷ் பல்புகள் 43. பல்புகளை ஒரே தொடராகக் கம்பியில் கோத்திருந்தார். திருவிழா சீரியல் விளக்கு போல, ஒன்று பழுதானால் ஒன்றுமே எரியாது. அந்தக் காலத்துப் பல்பு ஒருமுறைதான் எரியும். பாதி எரிந்து படமும் கெட்டு பல்பும் வீணாவதைவிட அது மேல் அல்லவா?

அந்தப் படத்தில் இன்னொரு பாடமும் உண்டு. 43 பல்பும் சேர்ந்து எரிந்த வெளிச்சத்தில் சினிமாத் திரை வெளுத்து, திரையில் ஓடிய காட்சி பதியாமலே போயிற்று. பிறகு அதைத் தனியே எடுத்து அச்சில் சேர்த்தார். பிளாஷ் மிஞ்சினால் இருக்கிற வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். 1960இல் அந்தப் பாதையில் நீராவி எஞ்சின்கள் நின்றன. லிங்க் 2001இல் மறைந்தார். எஞ்சின்கள் அவர் படங்களில் இன்னும் புகை கக்குகின்றன.

நாற்பத்து மூன்றை ஒரு மனிதர் கட்டி மேய்த்தார் என்றால் மூன்றை நான் மேய்க்க முடியாதா? அவருடைய 43இல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது, என் மூன்றுக்கும் வேலையே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டை அணைத்து வைத்துவிட்டு, ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

முதல் விளக்கு முகத்துக்கு. உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பக்கமாய், கண்ணுக்குச் சற்று மேலே, ஐந்தடி தூரத்தில் வைத்தேன். வெள்ளைக் குடை வழியாக ஒளியை விட்டால் நிழலின் விளிம்பு மென்மையாகும். குடை இல்லாதவர்கள் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிடலாம். இந்த ஒரு விளக்கில் படம் சரியாகும்வரை அடுத்ததைத் தொடவே கூடாது.

இரண்டாவது, நிழலைக் கொஞ்சம் தூக்கிவிட. அதே சக்தியுள்ள விளக்கை எதிர்ப்பக்கம் பத்தடியில் வைத்து, அதற்கும் அதே மாதிரி குடை பிடித்தேன். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. ஆகவே பழைய பிளாஷில் சக்தியைக் குறைக்கும் பொத்தான் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், பின்னால் நகர்த்தினால் போதும். உண்மையைச் சொன்னால் பல நேரம் இரண்டாவது விளக்கே தேவைப்படுவதில்லை. காய்கறி அனுப்பும் வெள்ளைப் பெட்டியின் மூடியை நிழல் பக்கம் பிடித்தாலே வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது, பின்னால் உயரத்தில், தலைமுடிக்கு. கறுத்த பலகைச் சுவரும் தலையும் ஒட்டிக்கொள்ளாமல் அது பிரித்துக் காட்டும். நரைத்த தலைக்கு மட்டும் அதை மிகவும் தள்ளி வைக்க வேண்டும். இல்லையேல் முடி வெந்த சுண்ணாம்பாகத் தெரியும்.

கணக்கும் சுலபம். பிளாஷின் வழிகாட்டி எண் 36 மீட்டர் என்றால், 4.5 மீட்டர் தூரத்துக்கு வகுத்தால் எட்டு. ஐ.எஸ்.ஓ. 100இல் துவாரத்தை எஃப் 8இல் வைக்கலாம். குடை ஒளியைத் தின்னும். அதற்கேற்பத் துவாரத்தைத் திறக்க வேண்டும். ஷட்டர் வேகத்தைக் கேமரா அனுமதிக்கும் அளவுக்கு மேல் கூட்டினால் படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். பல கேமராக்களுக்கு அந்த அளவு 1/200 வினாடி, பழையவை சிலவற்றுக்கு 1/60.

தள்ளியிருக்கும் விளக்குகள் எப்படி ஒன்றாக எரியும்? முதல் பிளாஷின் ஒளியைக் கண்டதும் மற்றதை எரிய வைக்கும் சிறு கண் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஸ்லேவ்’, அடிமை என்றே பெயர். தோட்டத்தில் பிறந்த எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. பிள்ளைகளிடம் ‘எதிரொலி விளக்கு’ என்று சொல்லிக் கொடுத்தேன். இந்த எதிரொலி ஒருநாள் என்னை மாலை முழுதும் ஏமாற்றியது. கண்ணெதிரே மூன்றும் பளிச்சென்று எரிகின்றன, படமோ இருட்டு! கேமரா பிளாஷ் தானியங்கி முறையில் இருந்தால், வெளிச்சத்தை அளக்க முன்னதாக ஒரு சிறு மின்னலை விடும். எதிரொலி விளக்குகள் அதையே நம்பி, ஷட்டர் திறக்கும் முன்பே எரிந்து முடித்துவிட்டன. பிளாஷை நாமே அமைக்கும் முறைக்கு மாற்றியதும் சரியாயிற்று. இப்போது வானொலி அலையில் இயங்கும் டிரிகர்களும் உண்டு. அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இரண்டு எச்சரிக்கை. மிகப் பழைய பிளாஷ் சிலவற்றின் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அதை இன்றைய டிஜிட்டல் கேமராவில் நேரே மாட்டினால் கேமராவே போய்விடும். பழுதான பிளாஷைத் திருகிப் பார்க்கவும் வேண்டாம். பேட்டரியைக் கழற்றிய பின்னும் உள்ளே அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

பனியில் எடுப்பவர்களுக்கும் ஒரு சொல். கேமராவிலிருந்தே பிளாஷ் போட்டால் லென்சுக்கு முன் மிதக்கும் நீர்த்துளிகள்தாம் வெளுத்துத் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் தள்ளி வைத்தால் ஆள் தெரிவார். ஆளுக்குப் பின்னால் ஒன்றை மறைத்து வைத்தால் பனியே ஒளிரும்.

நம் முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படச்சுருள் காலத்தில் அச்சுக்கூடங்களில் நிறம் சரிபார்க்க கொடாக் கொடுத்த மாதிரி அட்டையில் வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருக்கும். ‘ஷெர்லி அட்டை’ என்பார்கள். பல நிறத்தாரும் இருக்கும் அட்டை 1990களில்தான் வந்தது. கறுத்த முகம் படத்தில் நன்றாக வராது என்று நாமே நம்பிவிட்டோம். பக்கத்திலிருந்து பெரிய, மென்மையான ஒளியை விட்டுப் பாருங்கள். கறுத்த கன்னத்தில் அது வழுக்கி ஓடுகிற அழகு வேறு எந்தத் தோலுக்கும் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து லயத்துப் பாட்டி ஒருவர் வந்து உட்கார்ந்தார். “வாத்தியாரய்யா, இந்தக் கெழவிக்கு எதுக்குய்யா இத்தனை வெளக்கு? கல்யாணமா பண்ணி வைக்கப் போறீங்க?” என்று கேட்டுத் தாமே சிரித்தார். அந்தச் சிரிப்பில் எடுத்துவிட்டேன். படத்தைக் கொடுத்தபோது வெகுநேரம் பார்த்தார். “எங்கம்மா இப்படித்தான்யா இருப்பாங்க. அவங்களுக்குப் படமே இல்ல,” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை.

அன்பர்களே, மூன்று விளக்கு கட்டாயமில்லை. ஒரு சன்னலும் ஒரு வெள்ளை மூடியும் இருந்தாலும் போதும். இந்த மாதமே உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை முன்வரிசையில், தனியே உட்கார வையுங்கள். எடுத்த படத்தைக் கைப்பேசியிலேயே விட்டுவிடாமல் அச்சுப் போடுங்கள். பின்னால் அவர் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள்.